மூன்றாவது ஒடுக்கு

மூடி விழுந்த சத்தம்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு வெளியே மரையை ஒவ்வொன்றாக முறுக்கினார்களே, அந்தச் சத்தம்தான் மோசம்.

"யாருங்க அது? உள்ள ஆள் இருக்கோம்," என்று கத்தினேன். முறுக்குவது நிற்கவில்லை. கடைசி மரையும் இறுகியது. காலடிச் சத்தம் இரும்புப் படிகளில் இறங்கிப் போனது, அவசரமே இல்லாமல்.

"தொண்டையை வீணாக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் இருட்டுக்குள்ளிருந்து என் மாமியார். "நாம உள்ள இருக்கறது அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும்."

"எப்படிச் சொல்றீங்க அத்தை?"

"நம்ம செருப்பு ரெண்டு ஜோடியும் மூடி வாசல்லதானே கிடக்கு. தெரியாம மூடுறவன் அதைப் பார்த்தா ஒரு குரல் குடுப்பான். இவன் பார்த்துட்டுத்தான் மூடுறான்."

செருப்பைக் கழற்றச் சொன்னது அவர்தான். நாலு பேர் குடிக்கிற பொருள் காயும் பாத்திரத்துக்குள் செருப்புக் காலோடு இறங்கக் கூடாதாம். கொலையைத் துப்பறிய வந்த இடத்தில் இவ்வளவு சுத்தம் பார்ப்பவர் உலகத்திலேயே என் மாமியார் ஒருவர்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதே முழுநேர வேலையாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். எனக்கு மகளைக் கட்டிக் கொடுத்தபோது உதவியாளர் வேலையையும் சேர்த்துக் கட்டிவிட்டார். மகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு மாப்பிள்ளை என்பதால் திட்டும்போதும் மரியாதை குறையாது. "அறிவிருக்கா உங்களுக்கு" என்று மரியாதையோடு திட்டு வாங்குகிற உதவியாளர் இந்தத் தொழிலிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டார்ச்சை அடித்தேன். நாலா பக்கமும் செம்பு. விஸ்கி வடிக்கும் ஆலையில் இருக்கிற பெரிய செம்புப் பாத்திரத்தின் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருந்தோம். அங்கே எல்லோரும் அதைக் கொப்பரை என்றுதான் சொல்வார்கள். ஒரு அறை அளவு அகலம், மேலே போகப் போகக் குறுகி நீண்ட கழுத்து. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, நுரை எவ்வளவு ஏறுகிறது என்று வெளியே இருந்து பார்ப்பதற்காக. அடியில் நீராவிக் குழாய்கள் சுருண்டு கிடந்தன. நாங்கள் இறங்கி வந்த ஏணி மட்டும் விசுவாசமாக எங்களோடு உள்ளேயே இருந்தது. செல்போன்களைத் தீப்பொறி வரும் என்று சொல்லி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் இதற்குள் இறங்கியதற்குக் காரணம் ஒரு ஒடுக்கு.

இங்கே கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் கொப்பரைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் கொப்பரைக்குப் பக்கத்திலேயே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு சுத்தியல். அது அவருடைய தம்பியின் சுத்தியல். தம்பி இங்கேயே பீப்பாய் செய்கிறவர். முதல் நாள்தான் அண்ணனும் தம்பியும் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நாளைக்குத் தீர்ப்பு.

எங்களிடம் வந்தது செத்தவரின் மகள். ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. "எங்க சித்தப்பா வாயாலதான் அடிப்பாரு, கையால அடிக்கத் தெரியாது," என்றாள். அப்பாவைப் பறிகொடுத்தவள், சித்தப்பாவையும் பறிகொடுக்கப் போகிறாள். அவள் அழாமல் பேசியது என் மாமியாரை என்னவோ செய்துவிட்டது. அன்றைக்கே சம்மதித்துவிட்டார்.

கொலை நடந்த கொஞ்ச நாளிலேயே பழைய கொப்பரையை உருக்க அனுப்பிவிட்டு, முதலாளி புதுக் கொப்பரை வாங்கியிருந்தார். இன்று மத்தியானம்தான் அதில் முதல் வடிப்பு. காலையில், ஆலைக்குள்ளேயே அறை போட்டு உட்கார்ந்திருக்கிற கலால் அதிகாரி டீ வாங்கிக் கொடுத்தார்; பிறகு முதலாளியே எங்களை அழைத்துப் போய்க் காட்டினார். "பழைய கொப்பரையில எங்கெங்க ஒடுக்கு இருந்துதோ, அப்படியே புதுசுலயும் தட்டி வாங்கியிருக்கோம்மா. இந்தத் தொழில்ல அப்படித்தான். வடிவம் மாறினா ருசி மாறிடும்னு ஒரு பயம். செம்பு வேலைக்காரர் பழசை அங்குலம் அங்குலமா அளந்து அச்சு எடுத்துட்டுத்தான் உருக்கினாரு."

பழைய கொப்பரைக்கு இரண்டு ஒடுக்கு. வயிற்றில் இருந்ததற்குத் தொப்புள் என்று பேர், கழுத்தடியில் இருந்ததற்குக் கன்னக்குழி. இரண்டையும் புதுக் கொப்பரையில் பார்த்தோம். ஆனால் வெளியே இரும்புப் படி ஓரமாக, முதலாளியின் தாத்தா பேர் வெட்டிய ஒரு பித்தளைத் தகடும் தோள் உயரத்தில் அறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் மாமியார் என் காதருகே வந்தார்.

"தாத்தா பேரைப் பெருமைக்கு வைக்கிறவன் நடுவுலதானே வைப்பான்? ஓரத்துல வெச்சிருந்தா அது பேருக்காக வெச்சதில்ல. மறைக்க வெச்சது."

தகட்டைக் கழற்றினால் சத்தம் கேட்கும். அதனால் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தகட்டுக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று உள்ளே இறங்கிப் பார்க்க வந்தோம். பார்த்தும்விட்டோம். தகடு இருக்கிற இடத்தில் செம்பு உள்பக்கமாகப் பிதுங்கி நின்றது. பிறை போல வளைந்த மேடு, ஒரு முனையில் மட்டும் சின்னதாக ஒரு கூர்.

மூன்றாவது ஒடுக்கு. பேர் இல்லாத ஒடுக்கு. மாமியார் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மூடி விழுந்தது.

"கொலைகாரன் முதல் வீச்சுல தவறவிட்டிருக்கான்," என்றார் இப்போது. விரல் இன்னும் அந்த மேட்டின் மேலேயே இருந்தது. "அது கொப்பரை மேல விழுந்திருக்கு. தம்பியோட சுத்தியலுக்கு முகம் சதுரம். இது வட்டமா, கனமா இருக்கற வேற எதுவோ. அதால அடிச்சுட்டு, தம்பி சுத்தியலை ரத்தத்துல தோய்ச்சுப் பக்கத்துல போட்டிருக்கான். இதை ஜட்ஜ் பார்த்தா போதும்."

"ஜட்ஜ் இங்க இறங்கி வரும்போது நாமளும் இருப்போம் அத்தை. விஸ்கியா."

அவர் பதில் சொல்வதற்குள் கொப்பரையின் அடியில் ஏதோ களகளத்தது. பிறகு கால் நனைந்தது. வெதுவெதுப்பாக, புளித்த வாசனையோடு ஊறல் உள்ளே வரத் தொடங்கியிருந்தது.

பார்லியை முளைக்க வைத்து, காய வைத்து, அரைத்து, வெந்நீரில் அதன் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டு நுரைக்க விட்டால் கிடைப்பது ஊறல். அதைக் கொப்பரையில் ஏற்றிக் காய்ச்சினால் ஆவி கழுத்து வழியாக ஏறி, குளிர்ந்து, சொட்டும். சொட்டுவதைப் பீப்பாயில் வருஷக்கணக்கில் தூங்க வைத்தால் விஸ்கி. காலையில் இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சுகிற கட்டத்தில் நானே இருப்பேன் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு ஆர்வம் காட்டியிருக்க மாட்டேன்.

"புதுசு வந்துட்டான்," என்றார் மாமியார். செத்தவர் இடத்துக்கு வந்திருக்கிற ஆளுக்கு எல்லோரும் வைத்த பேர் அது. "மூடி மூடியிருக்கறதைப் பார்த்துட்டு, வேற யாரோ சரிபார்த்து மூடிட்டாங்கன்னு ஊறலைத் திறந்துட்டான்."

டார்ச்சால் செம்பை அடி அடி என்று அடித்தேன். கழுத்துக் கண்ணாடிப் பக்கம் வெளிச்சம் காட்டினேன்; காய்ச்சத் தொடங்கும்வரை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். கத்தினேன். வெளியே பம்பும் அரவை இயந்திரமும் போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஊறல் முழங்காலைத் தொட்டது.

"ஏணில ஏறுங்க மாப்பிள்ளை."

"நீங்க முதல்ல ஏறுங்க அத்தை."

"மாப்பிள்ளை கீழ நிக்க நான் மேல ஏறுறதா?"

"அத்தை, இங்க பந்தியா நடக்குது? ஏறுங்க."

ஏறினார். முட்டி வலிக்காரர், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். அவருக்குக் கீழ்ப் படியில் நான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஊறல் மூடிக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் நிறையும். பிறகு நீராவியைத் திறப்பார்கள். மூழ்கிச் சாக மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் திடீரென்று. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

எனக்கும் அதே கேள்விதான். பயமாக இருந்தது. காலையில் என் மனைவி வாசலில் நின்று, "ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடணும்," என்று சொன்னது ஞாபகம் வந்தது. அம்மாவும் புருஷனும் ஒரே நாளில் போனால் அவள் யார் மேல் சாய்ந்து அழுவாள்?

"ஏதாவது பேசுங்க அத்தை. இந்த இருட்டு என்னைத் தின்னுடும் போல இருக்கு."

"என்ன பேசறது?"

"எதுவேணா. இந்தக் கண்றாவியை முதல்ல கண்டுபிடிச்சது யாரு? அவனைத் திட்டவாவது செய்யலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தெரிந்ததைச் சொல்லும்போது அவருக்குப் பயம் போய்விடும். "ஆரம்பத்துல அத்தரும் மருந்தும் வடிச்ச சாமான்தான் இது. மடத்துல இருந்த சாமியாருங்க மருந்துன்னு சொல்லி வடிச்சாங்க. அப்புறம் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்ச ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் வரி போட்டுது. உடனே மலைக்குள்ள, குகைக்குள்ளன்னு கொப்பரையைத் தூக்கிட்டு ஓடினாங்க. இந்தத் தொழிலோட பாதிக் கதை வடிக்கிறவனுக்கும் வரிக்காரனுக்கும் நடந்த கண்ணாமூச்சிதான். அமெரிக்கா போனவங்க சோளத்துல காய்ச்சி, உள்பக்கம் நெருப்பு வெச்சுக் கருக்கின பீப்பாய்ல ஊத்தி வெச்சாங்க. ஜப்பான்காரங்க ஸ்காட்லாந்துக்கே போய்க் கத்துக்கிட்டு வந்து…"

நிறுத்திவிட்டார். ஊறல் என் இடுப்புக்கு வந்திருந்தது.

"வந்து?"

"மாப்பிள்ளை, நாம தப்பாப் போயிட்டோம்."

"அது எனக்கு மூடி விழுந்தப்பவே தெரியும்."

"அதில்ல. முதலாளிதான் செஞ்சாருன்னு நினைச்சோம். கொப்பரையை மாத்தினதும் அவரு, தகடு வெச்சதும் அவருன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க. பழசை உருக்கிட்டா ஒடுக்கு ஒழிஞ்சுதுன்னு நினைச்சவனுக்குத்தான் இந்த யோசனையே வரும். புதுசுல ஒடுக்கையும் சேர்த்துச் செய்வாங்கன்னு முதலாளிக்குத் தெரியுமே. நம்மகிட்டப் பெருமையடிச்சதே அவருதானே?"

"ஆமா."

"தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? யாரும் இல்லாத நேரத்துல மரச்சுத்தியலால தட்டி நேராக்கிட்டு, அப்புறம் அச்செடுக்க விடுவான். இங்க வேலை பாக்குற யாராயிருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க. பீப்பாய்க்காரரும்தான். இவன் பண்ணலை. புதுக் கொப்பரை வந்து இறங்கின அப்புறம்தான், தான் போட்ட ஒடுக்கு தன்னையே பார்த்துச் சிரிக்கறதைப் பார்த்திருக்கான். அப்புறம்தான் தகடு."

எனக்குக் கொஞ்சம் புரிந்தது. "அப்போ தினமும் இங்கயே இருக்கற ஆளு."

"ஆனா தொழில் தெரியாத ஆளு," என்றார் மாமியார்.

மேலே கழுத்துப் பக்கம் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கொப்பரைக்கு மேல் உத்தரத்திலிருந்து ஒரு மரப்பந்து கயிற்றில் தொங்கும். அதைக் கழுத்தில் மோதவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால் உள்ளே நுரை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். கண்ணாடி வைப்பதற்கு முன்பு இருந்த வழக்கம். புதுசு காலையில் எங்களுக்கு அதைச் செய்து காட்டியிருந்தான். வேலை கற்றுக்கொண்ட மிதப்பில் அவசியம் இருக்கிறதோ இல்லையோ அந்தப் பந்தை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

டார்ச்சை ஓங்கினேன். மாமியார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க. இவ்வளவு நேரம் தட்டினது அவனுக்குக் குழாய்ச் சத்தம் மாதிரிதான் இருந்திருக்கும். பந்தை ஆட்டின உடனே மட்டும்தான் அவன் காதைக் கொப்பரைல வெச்சுக் கேப்பான். அப்பத் தட்டணும். அவன் தட்டின கணக்குக்குத் தட்டணும்."

காத்திருந்தோம். ஊறல் என் மார்புக்கு வந்தது. அந்த வாடையில் தலை கிறுகிறுத்தது. பந்து ஆடவில்லை.

'டொம்.'

நான் ஒருமுறை தட்டினேன்.

பிறகு, சந்தேகத்தோடு, 'டொம், டொம்.'

இரண்டு முறை தட்டினேன்.

அடுத்து நாங்கள் கேட்டது இரும்புப் படிகளில் ஒருவன் விழுந்தடித்து ஓடுகிற சத்தம்.

"பேய்னு நினைச்சுட்டான் அத்தை," என்றேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "உங்க யோசனை நல்லா வேலை செஞ்சுது. தேவைக்கு மேலயே செஞ்சுது." டார்ச் கை நழுவி ஊறலில் விழுந்து அணைந்தது. மாமியார் இருட்டில் என் தலைமேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. ஊறல் என் கழுத்தருகே வந்தபோது நின்றது. பிறகு மரை கழன்றது. ஒன்று, இன்னொன்று. மூடி திறந்த வெளிச்சத்தில் செத்தவரின் மகள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் புதுசு, இரண்டு படி தள்ளி.

"எங்க அப்பா கொப்பரைக்குள்ள இருந்து பதில் சொல்றாருன்னு ஓடி வந்தான்," என்றாள், மூச்சிரைக்க. "எங்க அப்பா பதில் சொல்ற ஆளு இல்ல. எதைக் கேட்டாலும் உம்முனு இருப்பாரு. சாப்பாட்டு நேரத்துலேருந்து உங்களையும் காணோம், அதான் நீங்களா இருக்கும்னு ஊறலை நிறுத்திட்டு ஏறி வந்தேன்."

வெளியே வந்ததும் மாமியார் செய்த முதல் காரியம், குனிந்து தரையைப் பார்த்தது. மூடி வாசலில் செருப்புகள் இல்லை. "நல்லது," என்றார். எனக்கு அதில் என்ன நல்லது என்று புரியவில்லை. நான் போட்டு வந்தது புதுச் செருப்பு.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து கலால் அதிகாரியும் மெதுவாக வந்து, அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். சாந்தமான மனிதர். காலையில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். வடிந்து வருவது முழுவதும் ஒரு கண்ணாடிப் பெட்டி வழியாகத்தான் போகும். ஒரு சொட்டும் திருட்டுப் போகாமல் அந்தப் பெட்டியின் சாவியை வைத்திருப்பது இவர் வேலை. அவருடைய அறைப் பூட்டைப் பார்த்து நான் காலையில் கிண்டல் செய்திருந்தேன். குண்டாக, வட்டமாக, அப்படியொரு பித்தளைப் பூட்டு. அந்தப் பூட்டைத் திருடிக்கொண்டு போனாலே போதும், அறையைத் திறக்க வேண்டியதில்லை என்று.

"முதலாளி," என்றார் மாமியார். உடம்பெல்லாம் ஊறல் சொட்ட, வெறுங்காலோடு நின்றார். "கொப்பரையை மாத்தணும்னு யாரு சொன்னது?"

"கலால் சார்தாம்மா. செம்பு மெலிஞ்சு போச்சு, மாத்தலைன்னா லைசென்ஸ் கிடையாதுன்னுட்டாரு."

"தாத்தா பேர் வெச்ச தகடு?"

"அதுவும் சார் யோசனைதான். எங்க அறையணும்னுகூட அவரேதான்…" முதலாளியின் குரல் பாதியில் நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: "நடுவுல வடியற நல்ல சரக்கு குறையுதுன்னு கொப்பரைக்காரர் எங்கிட்டச் சொன்னாரு. கொப்பரை ஏமாத்தாது, வேற யாரோ ஏமாத்துறாங்கன்னு. மறுநாள்தான் அவரு…"

அதிகாரி புன்னகைத்தார். "யோசனை சொன்னது குத்தமா? சட்டப்படி சொல்ல வேண்டியது என் கடமை."

"குத்தமே இல்லை சார்," என்றார் மாமியார். "நான் அதைக் கேக்கலை. என் செருப்பைக் காணோம். உங்க ரூமைக் கொஞ்சம் திறங்க."

"அது அரசாங்க ரூம். உங்க செருப்பு அங்க எப்படிம்மா வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எங்களை உள்ள வெச்சு மூடினவன், வெளியில செருப்பு கிடந்தா புதுசு பார்த்துடுவானேன்னு எடுத்துட்டுப் போயிருக்கான். பகல் நேரம், சுத்தி ஆளுங்க. யாரும் திறக்க முடியாத இடத்துலதான் வெச்சிருப்பான். இந்த ரூமுக்கு ஒரே சாவி, அதுவும் உங்க இடுப்புலன்னு காலையில டீ குடிக்கும்போது சொன்னீங்க. நான் தப்பா நினைச்சிருந்தா உங்க கால்ல விழறேன். திறங்க."

பம்பை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள். அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது, அங்கேயே நின்றது. தொழிலாளர்கள் நடந்து வந்து வாசலை மறித்து நின்றார்கள். யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. அவருக்கும் போக வழியில்லை. சற்று முன்பு வரை நாங்கள் எங்கே நின்றோமோ, அங்கே இப்போது அவர் நின்றார்.

முதலாளிதான் சாவியைப் பிடுங்கித் திறந்தார். மேஜைக்கு அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, இரண்டு ஜோடிச் செருப்பு.

புதுசு ஒரு உளியைக் கொண்டுவந்து பித்தளைத் தகட்டைப் பெயர்த்தான். தாத்தாவின் பேர் தரையில் விழுந்து உருண்டது. அதற்குப் பின்னால் பிறை போல அந்த ஒடுக்கு. செத்தவரின் மகள் கதவில் தொங்கிய பூட்டை எடுத்துவந்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. ஒடுக்கில் வைத்தாள். பூட்டின் வட்ட விளிம்பு பிறையில் பொருந்தியது, வளையத்தின் கால் அந்தக் கூர் முனையில் போய் உட்கார்ந்தது. அவள் கையை எடுத்தபோதும் அது உடனே விழவில்லை.

அதிகாரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி போலீசுக்குப் போன் செய்ய ஓடினார்.

"அப்படியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க," என்று மாமியார் மற்றவர்களை விலக்கினார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். "நாளைக்கு ஜட்ஜ் இதைப் பார்க்கணும்மா. அதுவரைக்கும் பத்திரம்."

அவள் தலையாட்டினாள். கூட்டத்தில் வயதான தொழிலாளி ஒருவர், "தொப்புள், கன்னக்குழின்னு இருக்கு. இதுக்கு என்ன பேர் வைக்கறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

"பேரெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. முகத்தைத் துடைக்கவும் இல்லை. "எங்க சித்தப்பா வெளிய வரட்டும். அவரு சுத்தியலாலேயே இதைத் தட்டி எடுத்துடட்டும். ருசி மாறினா மாறிட்டுப் போகுது."